அப்பாவின் கையில் 14 நாள்: ஒரு சர்க்கரை சென்சாரின் மதிப்புரை

என் அப்பாவுக்கு வயது 67. கும்பகோணத்திற்குத் தெற்கே அரசலாற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நஞ்சை வைத்துக்கொண்டு, இன்றும் தாமே வரப்பில் இறங்கி வேலை பார்க்கும் அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலை உணவுக்கு முன் கிளிமிப்பிரைட் என்று மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவற விடமாட்டார். அவ்வளவு ஒழுங்காக இருந்தும் கடந்த மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இரவு படுக்கப் போகும்போது குளுக்கோமீட்டரில் 138 காட்டும். எதுவும் சாப்பிடாமல் உறங்கி எழுந்தால் காலை 6 மணிக்கு 176 காட்டும். வாயில் ஒரு பருக்கைகூடப் போகாத எட்டு மணி நேரத்தில் சர்க்கரை எப்படி ஏறும் என்று அம்மாவும் நானும் கேட்போம். "நான் எதையும் தொடலம்மா" என்பார் அப்பா. நாங்கள் நம்பவில்லை. வெல்லம் வைத்திருந்த டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். அப்படிச் செய்யச் சொன்னவள் நான்தான்.

இந்தப் பின்னணியில்தான், கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒன்றைக் கடந்த ஆடி மாதம் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவானவை. மேலும், எதை வாங்குவது என்பதைவிட, வாங்கினால் அதை எப்படிப் படிப்பது என்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. நாங்கள் வழக்கமாக வாங்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ 250 முறை விரலில் குத்திப் பார்க்கும் செலவு இது. சிறு விவசாயி வீட்டில் இது அற்பத் தொகை இல்லை என்பதால், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

கருவி பெரிய நாணயம் ஒன்றின் அளவுதான் இருக்கும். மேற்கையின் பின்புறத்தைத் துடைத்து, உடன் வரும் அழுத்தியை வைத்து ஒரு முறை அழுத்தினால், மயிரிழை போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் சென்று தங்கிவிடுகிறது. அப்பாவுக்கு வலி தெரியவில்லை. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்றார். ஒரு மணி நேரம் கழித்து அளவுகள் வரத் தொடங்கின. செல்பேசியைக் கருவியின் அருகே கொண்டுபோனால் அப்போதைய அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும், கடந்த எட்டு மணி நேரத்தின் கோடும் திரையில் தெரியும். நாங்கள் வாங்கிய வகை எட்டு மணி நேரத்துப் பதிவை மட்டுமே தன்னிடம் வைத்திருக்கும் என்பதால், அதற்குள் ஒரு முறையாவது செல்பேசியைக் காட்டிவிட வேண்டும். தவறினால் பழைய பகுதி அழிந்துவிடும். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் அப்பாவுக்கு இது சரியாக விளிம்பில் நின்றது. அவருடைய செல்பேசியில் இந்த வசதி இல்லாததால் என்னுடையதைக் கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகவே அந்த இரண்டு வாரமும் நான் ஊரில் தங்கினேன். வாங்க நினைப்பவர்கள் தங்கள் செல்பேசி பொருந்துமா என்பதைக் கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

முதல் இரவின் கோட்டை மறுநாள் காலையில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரவு 9 மணிக்கு 142. அதன் பிறகு கோடு மெதுவாக இறங்கி நள்ளிரவைத் தாண்டி 121 வரை போய், ஏறக்குறைய மூன்று மணி வரை அங்கேயே படுத்திருந்தது. மூன்றே காலுக்கு மேல் எழத் தொடங்கி நாலரை மணிக்கு 149, ஐந்தரைக்கு 168, ஆறு மணிக்கு 175. அந்த நேரம் முழுவதும் அப்பா திண்ணையில் என் கண்ணெதிரில் கயிற்றுக் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே போல. அதற்கு மறுநாளும் அதே போல. பதினான்கு இரவுகளில் பன்னிரண்டில் அந்த மேடு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் எழுந்தது.

இதற்குக் காரணம் மருத்துவ உலகம் நன்கு அறிந்ததுதான். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. விடியலுக்குச் சில மணி நேரம் முன்பே உடல் விழிப்பதற்குத் தயாராகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை அந்நேரத்தில் மிகுதியாகச் சுரக்க, கல்லீரல் தன்னிடமிருக்கும் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு அதற்கு ஈடான இன்சுலின் உடனே சுரந்து அளவைச் சமன்செய்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலினும் போதாது, இருக்கும் இன்சுலினுக்குக் கல்லீரல் முழுதாகக் கட்டுப்படுவதும் இல்லை. ஆகவே சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறுகிறது. அதாவது அப்பா திருடித் தின்ற வெல்லம் என்று நாங்கள் நினைத்தது, அவருடைய கல்லீரலே கொடுத்த சர்க்கரை. மூன்றாம் நாள் காலை அந்தக் கோட்டை அவரிடம் காட்டி, "அப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சாவிய அம்மாகிட்டேருந்து வாங்கிடு" என்று மட்டும் சொன்னார். இந்தக் கருவிக்குக் கொடுத்த ஐயாயிரம் ரூபாய் எனக்கு அந்த இடத்திலேயே ஈடாகிவிட்டது.

ஆனால் ஒன்று. காலையில் அளவு கூடுதலாக இருக்கும் எல்லாருக்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல் போனாலும், பரோட்டா போன்ற எண்ணெய் மிகுந்த உணவாக இருந்தாலும், படுக்கும்போதே ஏறத் தொடங்கி இரவு முழுவதும் உயர்ந்தே இருக்கலாம். மாத்திரை அல்லது இன்சுலினின் வேலை நள்ளிரவோடு முடிந்திருக்கலாம். காலையில் ஒரே ஒரு முறை குத்திப் பார்க்கும் எண்ணில் இவை எல்லாம் ஒரே மாதிரிதான் தோன்றும். சென்சார் வாங்க இயலாதவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மூன்று நாள் மட்டும் படுக்கும் முன், இரவு 3 மணிக்கு, எழுந்தவுடன் என மூன்று முறை குத்திப் பார்த்துக் குறித்துவைத்தால், ஒன்பது ஸ்ட்ரிப் செலவில் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

கருவி தந்த இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. அதைப் பாடம் என்பதைவிட எச்சரிக்கை என்றே சொல்வேன். ஆறாம் நாள் காலை வாய்க்காலில் எங்கள் முறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அப்பா அப்போதுதான் மாத்திரையைப் போட்டிருந்தார், இட்லி வெந்துகொண்டிருந்தது. தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்று மண்வெட்டியோடு போனவர், ஒன்பதே முக்காலுக்கு உடல் முழுக்க வியர்த்து, கை நடுங்கத் திரும்பி வந்தார். சென்சார் 64 என்று காட்டி, அம்புக்குறி கீழ்நோக்கி நின்றது. விரலில் குத்திப் பார்த்தபோது 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. கிளிமிப்பிரைட் வகை மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டு, அதன்மேல் மண்வெட்டி வேலையும் சேர்ந்தால் நடப்பது இதுதான். அப்பா சொன்னதுதான் எங்களை மேலும் திடுக்கிட வைத்தது: "இது மாதிரி முன்னயும் நாலஞ்சு தரம் வந்திருக்கு, வெயில் மயக்கம்னு நெனச்சுக்கிட்டேன்."

அம்மா உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். அது ஏறத்தாழ 15 கிராம். அதுதான் சரியான அளவும்கூட. கால் மணி நேரம் கழித்துச் சென்சாரைப் பார்த்தால் இன்னும் 61 என்றே காட்டியது. பதறிப்போய் இன்னொரு தம்ளர் பானகமும், அதன்மேல் ஐந்து இட்லியும் கொடுத்தோம். பதினொன்றரைக்குச் சர்க்கரை 254. சென்சார் இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை; தோலுக்கடியில் உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் திசுநீரில் உள்ள குளுக்கோசை அளக்கிறது. இரத்தத்தில் ஏறும் சர்க்கரை அங்கே வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அளவு நிதானமாக இருக்கும்போது இந்த இடைவெளி பொருட்டில்லை; வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது நம்மை ஏமாற்றிவிடும். தாழ்சர்க்கரைக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டியது விரல் நுனி இரத்தத்தைத்தான். இதைப் பயன்பாட்டுக் குறிப்பில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொட்டலத்தின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய வகையில் அளவு தாழ்ந்தால் ஒலி எழுப்பும் வசதி இல்லை என்பதையும் பெரிய குறையாகவே கருதுகிறேன். இன்சுலின் போடுபவர்களும் தனியாக வசிப்பவர்களும் சற்றுக் கூடுதல் விலையானாலும் ஒலி எழுப்பும் வகையைத் தேடி வாங்க வேண்டும்.

அதே கோட்டில் பொய்த் தாழ்வும் வந்தது. நான்கு இரவுகளில் ஒரு மணி வாக்கில் கோடு திடீரென்று 55 வரை சரிந்து, முக்கால் மணி நேரத்தில் பழைய இடத்துக்கு வந்தது. ஐந்தாவது இரவு நான் விழித்திருந்து பார்த்தேன்: சென்சாரில் 57, விரலில் 114. அப்பா இடக்கையை அடியில் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்சாரின் மேல் உடலின் பாரம் அழுந்தும்போது அந்த இடத்தில் திசுநீரின் ஓட்டம் குறைந்து அளவு தாழ்வாகக் காட்டும். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார்களோ அதற்கு எதிர்க்கையில் ஒட்ட வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஆடிப்பெருக்கு இந்த 14 நாளுக்குள் வந்தது எங்களுக்கு நல்வாய்ப்பு. ஆற்றங்கரையில் படையலுக்குக் காப்பரிசி பிசைந்தவர் அப்பாதான்: ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், எள், தேங்காய்த் துருவல். படைத்து முடிந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டவருக்கு, பழக்கத்தில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தேன். 312. நெஞ்சு அடைத்தது. சென்சாரோ 166 என்றது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு வேறு விரலில் குத்தியபோது 171. விரல் நுனியில் ஒட்டியிருந்த வெல்லம் அந்தத் துளி இரத்தத்தோடு கலந்து காட்டிய கணக்குதான் 312. பழம் உரித்த கை, பாயசம் பரிமாறிய கை, கரும்பு ஒடித்த கை எல்லாம் இப்படித்தான். எங்கள் பழைய நோட்டில், தைப்பொங்கல் நாளுக்கும் பலாப்பழக் காலத்துக்கும் நேராகச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கும் எண்களில் எத்தனை உண்மையில் இரத்தத்தின் எண்கள், எத்தனை விரலின் எண்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஸ்ட்ரிப் டப்பியை மூடாமல் வைத்துக் காற்றின் ஈரம் பட்டாலும், அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தாலும், தேதி கடந்துவிட்டாலும் அளவு பிசகும். எல்லாம் சரியாக இருந்தாலும், 100க்கு மேற்பட்ட அளவில் குளுக்கோமீட்டருக்கு 15 விழுக்காடு வரை முன்பின் காட்டப் பன்னாட்டுத் தர அளவுகோலே இடம் தருகிறது. இரத்தத்தில் 150 இருந்தால் கருவி 130 என்றோ 170 என்றோ சொல்லலாம், இரண்டும் அனுமதிக்கப்பட்டவையே. அடுத்தடுத்து இரண்டு முறை குத்தி 148, 163 என்று வந்ததற்காக நாங்கள் எத்தனை முறை மருந்துக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறோம்!

அன்று மதியம் புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து 183 என்று கண்டு மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து 241 ஆகி, விளக்கு வைக்கும் நேரம் வரை 200க்குக் கீழே இறங்கவே இல்லை. நல்லெண்ணெயும் தேங்காயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் சோற்றின் சர்க்கரை மெதுவாக, ஆனால் நெடுநேரம் இரத்தத்தில் வந்து சேர்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்க்கும் பரிசோதனை இந்த வகைச் சாப்பாட்டின் உச்சத்தைத் தவறவிட்டுவிடும்.

உணவைப் பற்றி எங்கள் ஊரில் நிலவும் சில நம்பிக்கைகளையும் கருவி சோதித்துக் கொடுத்தது. அப்பாவின் உடலில் கண்டதை மட்டும் சொல்கிறேன். மற்றவர்களுக்கு வேறாக இருக்கலாம். சீனி போட்ட காப்பிக்கும் பனங்கற்கண்டு போட்ட காப்பிக்கும் கோட்டில் வேறுபாடே இல்லை. நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான் என்பதால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் நாலு ஆண்டாகப் பனங்கற்கண்டை மருந்து என்று நம்பிப் போட்டுக் கொடுத்த அம்மாவுக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. கேழ்வரகுக் கஞ்சி இன்னும் ஆச்சரியம். அரிசிக்கு மாற்று என்று கருதிக் காலையில் குடித்த ஒரு பெரிய தம்ளர் கஞ்சி ஒரு மணி நேரத்தில் 232 வரை ஏற்றியது. நான்கு இட்லி ஏற்றியது 205 வரைதான். தானியம் நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்து நீர்க்கக் கரைத்துக் குடிக்கும்போது செரிமானத்துக்கு வேலையே மிச்சமில்லை. அதே கேழ்வரகைக் கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டிக் கொடுத்த நாளில் 180ஐத் தாண்டவில்லை. இனிப்பில்லாப் பால் காப்பியும் கொஞ்சம் ஏற்றியது. பாலின் சர்க்கரை ஒரு பங்கு, சிலருக்குக் காப்பியில் உள்ள கஃபீனும் ஒரு பங்கு. எங்கள் வட்டாரத்தில் விடிந்ததும் காப்பி என்பதை யாரும் விடப்போவதில்லை. அப்பா இரண்டை ஒன்றாக்கிக்கொண்டார்.

உணவே காரணமாக இல்லாத ஏற்றங்கள்தான் இந்தக் கருவியின் உண்மையான பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. மாரியம்மன் கோயில் திருவிழா இரவில் அப்பா கண்விழித்திருந்தார். மறுநாள் வழக்கமான அதே நான்கு இட்லி, அதே சாம்பார். உச்சம் வழக்கத்தைவிட 25 கூடுதல், மதியமும் அப்படியே. தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. மேலுரம் தெளித்த நாளில், எட்டு மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், உச்சி வெயிலில், சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவருக்குப் பதினொன்றரைக்கு 150லிருந்து 192 ஆனது. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் சர்க்கரையின் செறிவு கூடும். மூச்சு வாங்கும் கடும் உழைப்பில் அட்ரினலின் சுரந்து கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்லும். நடவு வயலில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று நினைத்திருந்த எங்களுக்கு, உழைப்பு இரண்டு பக்கமும் இழுக்கும் என்பது புதுச் செய்தி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆற்றங்கரை வழியே கால் மணி நேரம் நிதானமாக நடந்த நாள்களில் மட்டும் தவறாமல் உச்சம் குறைந்தது, ஏறக்குறைய 30 அளவுக்கு.

ஆடிக் கிருத்திகைக்கு விரதம் என்று காலை உணவை விட்டார். முந்தைய சம்பவத்துக்குப் பிறகு மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, அன்றைய கிளிமிப்பிரைட்டை எப்போது போடுவது என்று தெரிந்துகொண்டே விரதம் இருந்தார். காலை முழுவதும் கோடு அமைதியாகத்தான் போனது. மதியம் இலையில் வழக்கமான அளவு சோறு சாப்பிட்டதும் 238. மற்ற நாள்களில் அதே சோறு 195 வரைதான் ஏற்றும். காலை உணவைத் தவிர்ப்பவர்களுக்கு மதிய உணவுக்குப் பின் அளவு கூடுவது பலரிடமும் காணப்படுவதே. சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை குறையும் என்று கணக்குப் போட்டுக் காலை உணவைக் கைவிடும் எங்கள் தெருக்காரர்கள் சிலருக்கு இந்தக் கோட்டை நேரில் காட்டினேன்.

வெற்றிலை போடும் அப்பாவுக்கு ஈறு வீங்கியிருந்ததையும் இந்த நாள்களில்தான் கவனித்தோம். ஈறு நோயும் உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் எந்தக் கிருமித்தொற்றும் சர்க்கரையை ஏற்றும்; ஏறிய சர்க்கரை ஈற்றை மேலும் கெடுக்கும். பல் மருத்துவரிடம் காட்டியிருக்கிறோம். சளிக்காய்ச்சலும் அப்படியே. மூக்கடைப்புக்கு வாங்கும் சில மாத்திரைகள்கூட அளவை உயர்த்தக்கூடும் என்பதால், மருந்துக் கடையில் நீரிழிவு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் பங்குனி மாதத்துச் சம்பவம் ஒன்று எனக்கு விளங்கியது. முழங்கால் வலிக்கு ஒரு மருத்துவமனையில் மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து நான்கு நாள் அப்பாவின் சர்க்கரை 300க்கு மேல். அந்த வாரம்தான் உறவினர் திருமணம் என்பதால், பந்தியில் அசோகா அல்வாவைக் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டார் என்று நான் அவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். இப்போது பழைய சீட்டை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் மருத்துவரிடம் காட்டியபோது, அது ஸ்டீராய்டு ஊசி என்றும், அது சில நாள்களுக்கு நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரையைக் கடுமையாக ஏற்றும் என்றும் விளக்கினார். ஊசி போட்டவர்கள் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்த ஊசி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, வலி அவருக்கு உண்மையாகவே குறைந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த வாரம் அடிக்கடி பரிசோதித்திருப்போம், மருத்துவரைக் கேட்டு மருந்தைச் சரிசெய்திருப்போம், ஒரு மனிதரைச் சபையில் அவமானப்படுத்தியிருக்க மாட்டோம்.

இனிக் கருவியின் உடலமைப்பைப் பற்றி. டெல்டாவின் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் இதன் பசை தாக்குப்பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு பக்கம் கிளம்ப, மருத்துவ ஒட்டுத்துணியை வட்டமாக வெட்டி மேலே ஒட்டினோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்த இரண்டு வாரம் அந்தக் கையை விட்டுவிட வேண்டும். ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் வரை தண்ணீரில் இருக்கலாம் என்று குறிப்பில் உள்ளது; தினமும் ஆற்றில் இறங்கி மூழ்கி எழும் அப்பாவுக்கு அது போதவில்லை, வீட்டுக் கிணற்றடிக் குளியலுக்கு மாறினார். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்துக்கொண்டால் சில சென்சார்கள் அளவைக் கூட்டிக் காட்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. செயலியில் தமிழ் இல்லை. எழுபது வயதை நெருங்கும் விவசாயி தானாகவே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கருவிக்கு அது மன்னிக்க முடியாத குறை.

14 நாள் முடிவில் வந்த அறிக்கையின்படி, அப்பாவின் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருந்த நேரம் 58 விழுக்காடு. பெரும்பாலானவர்களுக்கு அது 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதே இலக்கு. அவருடைய மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை 7.9 என்று காட்டியிருந்தது. அதைச் சராசரியாக மாற்றினால் ஏறத்தாழ 180. அந்த ஒற்றை எண்ணுக்குள் 58க்குப் போன காலையும், 254க்குப் போன முற்பகலும், யாருக்கும் தெரியாமல் ஏறும் விடியற்காலையும் அடங்கியிருந்தன என்பதைப் பரிசோதனைச் சீட்டு காட்டாது. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் மாத்திரைகளின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். எப்படி மாற்றினார் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. அது அப்பாவின் கோட்டைப் பார்த்து எழுதிய சீட்டு, அதைப் பார்த்து வேறொருவர் தம் மாத்திரையை மாற்றிக்கொள்வது ஆபத்து.

மாதாமாதம் வாங்க வேண்டிய பொருள் இது என்று நான் கருதவில்லை. அளவுகள் நிதானமாக இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை. காரணம் தெரியாமல் ஏறியிறங்குபவர்களும், தாழ்சர்க்கரை வரக்கூடிய மருந்து எடுப்பவர்களும், மருந்து மாற்றியவர்களும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போட்டுக்கொண்டால் பணம் வீண்போகாது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: பக்கத்தில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். எப்போது எழுந்தார், என்ன சாப்பிட்டார், எப்போது மாத்திரை போட்டார், எவ்வளவு நேரம் வயலில் நின்றார், எங்கே வலி, எப்படித் தூங்கினார் என்று எழுதாவிட்டால் அந்தக் கோடு வெறும் மலைக்காட்சிதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுப் பக்கத்தவிட தூக்கத்துப் பக்கம் பெருசா இருக்கே" என்றார். முன்பு அந்த நோட்டில் தூக்கத்துக்குப் பத்தியே கிடையாது.

அடுத்த சென்சாரைத் தை மாதச் சம்பா அறுவடைக்கு வாங்குவதாக இருக்கிறோம். களத்தில் இரவுக் காவல், நேரம் கெட்ட சாப்பாடு, மூடைக் கணக்குக் கவலை எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வரும். இந்த முறை வலக்கையில் ஒட்டுவோம்.